மரத்துக்குத் தினம் ஒரு வாளி

ஏப்ரல் 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன், நடுவில் உன் அண்ணன் "ரெண்டு பேரும் போனை வைங்கம்மா" என்கிறார். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. எனக்கு அது வசதி.

முதலில் அவரைப் பற்றி. தோள் எலும்பு சரியாகச் சேர்ந்து வருகிறது என்று டாக்டர் சொன்னார். வலது கை தூக்குக் கட்டில் இருக்கிறது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். "கல்யாணமான புதுசுக்கு அப்புறம் இப்பதான் இவ்வளவு கிட்ட வர்றே" என்று கேலி செய்கிறார். கேலி வந்துவிட்டதென்றால் பாதி குணமாகிவிட்டது என்றுதான் அர்த்தம். ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். ஆனால் மனிதர் இன்னும் தோட்டத்துப் பக்கம் கால் வைக்கவில்லை. ஜன்னலைக்கூட நான்தான் திறக்கிறேன்.

அன்று நடந்ததை நீ யாரிடம் கேட்டாயோ, வேறு மாதிரி கேட்டிருக்கிறாய். நடந்தது இதுதான். இலை அசையாத மத்தியானம். அவர் தூங்குமூஞ்சி மரத்தடியில் நாற்காலி போட்டு, புல் வெட்டும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோடை முடியும்வரை உள்ளே எடுத்து வைப்பதற்காக. மேலே படபடவென்று ஏதோ நெரிகிற சத்தம். அவர் நிமிர்வதற்குள் கிளை விழுந்துவிட்டது. காய்ந்த கிளை இல்லை, பச்சை இலையோடு இருந்த கிளை. பாதி அடியை நாற்காலி வாங்கிக்கொண்டது. மீதியை அவர் தோள் வாங்கியது.

அதற்கு மறுநாளே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே, நீ போனில் சொன்னதைக் கேட்டு, மரத்தை வெட்டச் சொல்லும் விண்ணப்பத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீடு உங்கள் இருவர் பேரிலும் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும் என்று நகராட்சியில் சொல்லி, தாள் இப்போது உன்னிடம் வந்திருக்கிறது. இந்த வீட்டில் எனக்கு அடுப்பு உண்டு, சாவி உண்டு, பூஜை அலமாரி உண்டு. கையெழுத்து இல்லை. அதனால் உன்னிடம் கேட்கிறேன். போடாதே.

அவர் படுத்திருக்கும் மேற்கு அறைக்கு அந்த மரம்தான் இரண்டாவது கூரை. இந்த வெயிலில் அதை வெட்டிவிட்டால் அந்த அறையில் மனிதர் இருக்க முடியாது. அது மட்டும் இல்லை. ஒரு கிளை விழுந்ததற்காக முழு மரத்தையும் தண்டிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் விழுந்தது என்று முதலில் தெரிய வேண்டாமா?

அண்ணி


மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

குறுக்கே பேச முடியாது என்று சந்தோஷப்படாதீர்கள். எனக்கு எழுத்திலும் கத்தத் தெரியும். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படியுங்கள்.

ஏன் விழுந்தது என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியும். தண்ணீர்க் கட்டுப்பாடு வந்த அன்றைக்கே, புல்தரைக்கு ஒரு சொட்டு கிடையாது என்று தெளிப்பானைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டீர்கள். "குளிக்கவே தண்ணி இல்ல, புல்லுக்கு எதுக்கு?" என்று நீங்கள் சொன்னதை அண்ணன் எனக்கு அப்படியே சொன்னார். அந்தப் புல்லில்தான் என் பிள்ளைகள் ஒவ்வொரு லீவுக்கும் உருண்டு புரண்டார்கள். சரி, புல் போகட்டும். புல்லைக் காயப்போட்டீர்கள், மரம் காய்ந்தது, கிளை விழுந்தது, என் அண்ணன் எலும்பு உடைந்தது. இதுதான் கதை.

உங்கள் சாமி வந்து குழாயைத் திறந்துவிடப் போவதில்லை அண்ணி. பட்டுப்போன மரம் அடுத்த கிளையை எப்போது போடும் என்று காத்திருக்கவா? இந்த முறை தோள். அடுத்த முறை?

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உறையில் போட்டு, விலாசம் எழுதி, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. ஜூன் கடைசியில்தான் வெட்டுகிற ஆட்கள் உங்கள் தெருவுக்கு வருகிறார்களாம். அதுவரை உங்களுக்கு நேரம். நீங்கள் என் அண்ணனுக்குப் பொத்தான் போட்டுவிடுவதால் தருகிறேன். வேறு காரணம் இல்லை.

நீங்கள் மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவதாக அண்ணன் சொன்னார். எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் இப்போது வெயிலில் மயங்கி விழுந்தவர்கள்தான் அதிகம். "நல்லா தண்ணி குடிக்கிறேன் சிஸ்டர்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நாங்கள் நம்பமாட்டோம். எவ்வளவு, எப்படி, உள்ளே தங்கியதா என்று கேட்போம். உங்களிடமும் அதையே கேட்கிறேன். எவ்வளவு ஊற்றினீர்கள், எங்கே ஊற்றினீர்கள், எவ்வளவு உள்ளே போயிற்று? பதில் சொல்லுங்கள். சும்மா கும்பிட்டேன் என்று எழுதாதீர்கள்.

நாத்தனார்


மே 17

அன்புள்ள வாயாடிக்கு,

கும்பிட்டேன். அதையும் எழுதத்தான் செய்வேன். குழாயைத் திறக்க எனக்குக் கை கொடுத்தது அந்தச் சாமிதான், அதனால் அவரைத் தனியாக வரச் சொல்லி நான் கேட்பதில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ கேட்டது கோபத்தை உண்டாக்கியது. எனக்குத் தெரியாத கணக்கா என்று நினைத்தேன். இந்த வீட்டில் பந்தி பரிமாறுவதிலிருந்து சோப்பு வாங்குவதுவரை யாருக்கும் கூடக் குறைய இல்லாமல் செய்கிறவள் நான். தண்ணீரிலும் அப்படித்தான் செய்தேன். காய் கழுவியது, அரிசி களைந்தது, எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, சாயங்காலம் செடி ஒவ்வொன்றுக்கும் ஒரு குவளை. மரம் பெரியது என்பதால் அதற்கு மட்டும் ஒரு வாளி. தினமும். ஒருநாள்கூட விட்டதில்லை. அடிமரத்தைச் சுற்றி வட்டமாக ஊற்றுவேன், அபிஷேகம் மாதிரி.

பதில் எழுத வேண்டுமே என்று பழைய குடைக் கம்பியை எடுத்துப்போய், ஊற்றுகிற இடத்தில் மண்ணில் குத்திப் பார்த்தேன். விரல் அளவு இறங்கிற்று. அதற்கு மேல் செங்கல்லில் முட்டியது போல நின்றுவிட்டது. நம்ப முடியாமல் களைக்கொத்தை எடுத்துத் தோண்டினேன். மேலே ஈரம், கீழே புழுதி. நான் மாதக்கணக்காக ஊற்றியது மண்ணின் தோலை நனைத்து, மறுநாள் வெயிலில் போய்விட்டிருக்கிறது. அங்கே இருந்த வேர்களும் என் மணிக்கட்டுப் பருமன். அவை மரத்தைத் தாங்கும் வேர்கள். குடிக்கிற வேர் ஒன்றுகூட அங்கே இல்லை.

பிறகு ஒரு யோசனை வந்தது. தெளிப்பான் எங்கே சுற்றுமோ அங்கே போனேன். மரத்தின் நிழல் முடிகிற ஓரம். செத்த புல்லைப் பெயர்த்துப் பார்த்தேன். புல்வேரோடு பின்னிக்கொண்டு மரத்தின் வேர், தலைமுடி மாதிரி மெல்லியதாக, மேலாக, எவ்வளவு! கையில் எடுத்தால் ஒடிந்தது.

புரிகிறதா? அந்த மரம் இத்தனை வருஷமும் புல்லின் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. நான் பந்தியை எடுத்துவிட்டு, பட்டினி கிடப்பவருக்குத் தினமும் காலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணனிடம் சொன்னேன். "அப்ப புல்லு செத்ததுக்கும் நீதான் காரணமா?" என்று கேட்டார். "அதுக்கு நீங்க. கோடை ஆரம்பத்துல அழகா இருக்கும்னு ஒட்ட வெட்டி மொட்டை அடிச்சீங்களே, வெயில் நேரா மண்ணுல இறங்கிச்சு" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆக, நீ எழுதிய கதை முக்கால்வாசி சரி. பட்டுப்போன மரம் என்றாயே, அதுதான் தப்பு. மரம் பட்டுப்போகவில்லை. பசியில் கிடக்கிறது. பசியில் கிடப்பவரை யாரும் வெட்டுவதில்லை.

அண்ணி


மே 25

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை டூட்டி முடிந்து பஸ்ஸில் படித்தேன். "காலைக் கழுவிவிட்டேன்" என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா தள்ளி உட்கார்ந்தார்.

கோபம் தீரவில்லை. ஆனால் இது எனக்குப் பழக்கமான நோயாளி. நாக்கை மட்டும் நனைத்தால் தாகம் தீராது, உதடு ஈரமாக இருப்பதைப் பார்த்து வீட்டுக்காரர்கள் ஏமாந்துபோவார்கள். அதே சமயம், காய்ந்து கிடப்பவருக்கு ஒரேயடியாகக் கொட்டினாலும் உள்ளே நிற்காது. நாங்கள் என்ன செய்வோம்? சொட்டுச் சொட்டாக ஏற்றுவோம். மெதுவாக, ஒரே இடத்தில், போதுமானது போகிறவரை. உங்கள் தினப்படி வாளியை நிறுத்துங்கள். சேர்த்து வையுங்கள். வாரத்தில் ஒருநாள், நிழல் முடிகிற ஓரத்தில், ஆழமாக இறங்குகிற மாதிரி கொடுங்கள். குடைக் கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் தெர்மாமீட்டர்.

இன்னொன்று. நான் ஏன் கத்துகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் பேசியபோது என்னை எங்கள் அம்மா என்று நினைத்துப் பேசினார். மருந்து மயக்கம்தான், எனக்குத் தெரியும். தினமும் நான் பார்க்கிற விஷயம். ஆனால் மற்றவர்களின் அண்ணன்மார் அப்படிப் பேசினால் நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். மரம் நூறு கிடைக்கும்.

தாள் இழுப்பறையில்தான் இருக்கிறது. மேற்கு அறைக்கு மேலே நீண்டிருக்கும் கிளையைப் பற்றி நீங்கள் இதுவரை ஒரு வார்த்தை எழுதவில்லை. கவனித்தேன்.

உங்கள் வாயாடி


ஜூன் 12

அன்புள்ள வாயாடிக்கு,

வேலை நடக்கிறது. எண்ணெய் வந்த பிளாஸ்டிக் கேன்களைத் தெருவில் வீடு வீடாகக் கேட்டு வாங்கினேன். அடியில் ஊசியால் ஓட்டை போட்டேன். நிழல் ஓரத்தில் வட்டமாக வைத்து, தோட்டத்துக்குத் தண்ணீர் விட வாரத்தில் எங்களுக்கு அனுமதித்த ஒரு காலையில் நிரப்பிவிடுகிறேன். மத்தியானம்வரை சொட்டுகிறது. அடுத்த வாரம் ஒரு கேன் அகலம் நகர்த்தி வைப்பேன். விழுந்த இலையையும் செத்த புல்லையும் மண் தெரியாமல் மேலே பரப்பியிருக்கிறேன், ஈரம் ஓடிப்போகாமல் இருக்க. அடிமரத்தை மட்டும் ஒட்டவிடவில்லை, பட்டை அழுகிவிடும். நேற்றுக் குடைக் கம்பி பாதிக்கு மேல் இறங்கிற்று. வீட்டுக்குள் ஓடிவந்து உன் அண்ணனிடம் கம்பியைக் காட்டினேன். ஈரம் படிந்த அடையாளம் இருந்தது. "என்னடி, கத்தி மாதிரி பிடிச்சிட்டு வர்றே" என்று பயந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு ஆடிட்டர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்னங்க, மரத்துக்கு டிரிப் ஏத்துறீங்களா? என்ன குரூப்பு ரத்தம்?"

"உங்க குரூப்புதாங்க. அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன். துணி அலசின கடைசித் தண்ணிய கீழ விடாம எனக்குக் குடுங்க."

"எங்க வீட்டுத் தண்ணியா?"

"நிழல் உங்க வீட்டுக் கார் மேலயும்தானே விழுது?"

மறுவாரத்திலிருந்து சுவர் மேல் இரண்டு வாளி வைத்துவிட்டுப் போகிறார். எட்டிப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

இனி நீ கவனித்ததாகச் சொன்ன கிளை. நான் எழுதாமல் விட்டது நிஜம். பார்க்கப் பயந்து விட்டது. மரம் இப்போது முழு மொட்டை. இது கோடையில் இலை உதிர்க்கிற சாதிதான், அதனால் இலையை வைத்துச் சொல்ல முடியாது. ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு கிளையிலும் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். (பயப்படாதே, ஆடிட்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டார், பிடித்தபடி புத்தி சொன்னார்.) கிழக்கிலும் தெற்கிலும் தோலுக்கு அடியில் பச்சை. வடக்கில் பரவாயில்லை. மேற்கு அறைக்கு மேலே போகிற கிளையில் எங்கே கீறினாலும் பழுப்பு. அது செத்துவிட்டது.

எதற்காக மரத்தைக் கேட்டேனோ அந்த நிழலைத் தந்த கிளை அதுதான். அது போனால் அறைக்கு மேலே ஒன்றும் மிஞ்சாது. மனசாரச் சொல்கிறேன், அந்தக் கிளை போகட்டும். போயே ஆக வேண்டும். உன் அண்ணன் தலைக்கு மேல் செத்த கட்டையை வைத்துக்கொண்டு நான் கும்பிட்டுக்கொண்டிருக்க மாட்டேன். நகராட்சியில் விசாரித்தேன். கிளை மட்டும் வெட்ட வேறு விண்ணப்பம் இருக்கிறது, இத்துடன் வைத்திருக்கிறேன். பழையதைக் கிழித்துப் போடு. இதில் போடு.

அண்ணி


ஜூன் 19

அண்ணி,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாள் கசக்கிப் போட்டேன்.

நீங்கள் அனுப்பிய தாள் வந்தது. சந்தோஷமாகப் பழைய உறையைக் கிழிக்க இழுப்பறையைத் திறந்தேன். உறை இல்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "அதுவா? ஸ்டாம்பு ஒட்டி ரெடியா இருந்துச்சே. நீ மறந்துட்டேன்னு போன வாரமே நான் போட்டுட்டேன்" என்றார், நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து. ஒரு நாளும் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காத மனிதர். உதவி செய்யத் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பாருங்கள்.

உடனே நகராட்சிக்குப் போன் செய்தேன். விண்ணப்பம் பதிவாகிவிட்டதாம். முழு மரம். ஆட்கள் இருபத்தேழாம் தேதி வருகிறார்களாம். நிறுத்த வேண்டும் என்றால் சொந்தக்காரர் ஒருவராவது நகராட்சி ஆள் முன்னால் நேரில் எழுதிக் கொடுக்க வேண்டும், கடிதம், போன் எதுவும் செல்லாது என்கிறார்கள். எனக்கு லீவு கிடையாது. வார்டில் கட்டிலுக்குக் கட்டில் நடுவே பாய் போட்டிருக்கிறோம்.

அப்படியானால் அண்ணன்தான். அவரிடம் பேசினேன். "நீதான் வெட்டணும்னே. இப்ப வேணாங்கிறே. உடைஞ்ச தோள் என்னுதும்மா" என்றார். போனை வைத்துவிட்டேன். அவர் சொல்வது நியாயம்தானே?

கிளை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அது போதாது என்று தெரிந்தே அனுப்புகிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதினால் நீங்கள் அதையும் கணக்கில் வைப்பீர்கள், அதனால் கேட்கவில்லை. ஏதாவது செய்யுங்கள்.

வாயாடி


ஜூன் 28

அன்புள்ள வாயாடிக்கு,

மாப்பிள்ளையைத் திட்டாதே. இனிமேல் தட்டை எடுக்கக்கூடப் பயப்படுவார்.

உன் கடிதம் வந்த அன்று உன் அண்ணனிடம் ஒரே ஒரு தடவை பேசினேன். "நான் கெஞ்ச மாட்டேன். அடி பட்டது உங்களுக்கு, முடிவும் உங்களுது. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. அந்தக் கிளை உங்க மேல விழணும்னு விழல. குடிக்கத் தண்ணி இல்லாம விழுந்துச்சு. தண்ணி குடுக்கத் தெரியாதது நான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க" என்றேன். அதன்பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. கேன்களை வழக்கம் போல நகர்த்தி வைத்து நிரப்பினேன். வெட்டப்போகிற மரத்துக்குத் தண்ணீரா என்று ஆடிட்டர்கூடக் கேட்கவில்லை. வாளியை வைத்துவிட்டுப் போனார்.

நேற்று மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆட்கள் வந்தார்கள். கயிறு, இயந்திர ரம்பம், லாரி. மேஸ்திரி தாளை எடுத்தார். "முழு மரம்மா. ரெண்டு கையெழுத்தும் இருக்கு."

"இருக்கட்டும். மேற்குக் கிளையில இருந்து ஆரம்பிங்க" என்றேன்.

"எல்லாமே போகப்போகுது, எதுல ஆரம்பிச்சா என்ன?"

"அது செத்த கிளை. எப்படியும் போக வேண்டியது. எனக்கு இந்த வீட்டுல கையெழுத்துதான் இல்ல. எங்க ஆரம்பிக்கணும்னு சொல்லக்கூடவா கூடாது?"

அவர் சிரித்துவிட்டார். மேற்கில் ஆரம்பித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வேறு திட்டம் இல்லை. கிளை போகிறவரை நேரம் கிடைக்கும், அதற்குள் ஏதாவது தோன்றும் என்றுதான். நிழல் ஓரத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். உதடு அசைந்திருக்கும், மேஸ்திரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

கயிற்றில் கட்டிப் பெரிய துண்டை இறக்கினார்கள். இலையில்லாவிட்டாலும் அந்தக் கிளையும் அதன் குச்சிகளும் கூரைமேல் வலை மாதிரி நிழல் போட்டிருந்தன. அது விலகியதும் வெயில் மேற்கு ஜன்னலில் நேராக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது. உன் அண்ணன். முகமெல்லாம் வியர்வை, கால் செருப்பு மாறியிருந்தது. கிளை விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாகத் தோட்டத்தில் நிற்கிறார். வாசற்படியிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார். பயத்தோடுதான் பார்த்தார். அதை மறைக்கவும் இல்லை.

"அதோட நிறுத்துங்க" என்றார்.

"சார், தாள்ல முழு மரம்னு போட்டிருக்கு."

"போட்டது நான்தான். அந்தக் கிளைக்குப் பயந்து போட்டேன். கிளை போயிடுச்சு, பயமும் அவ்வளவுதான். எங்க எழுதணும்?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் நீ அனுப்பிய கிளை விண்ணப்பத்தை எடுத்து வந்தேன். நகராட்சியிலிருந்து கூட வந்த பெண், பழைய தாளில் குறுக்கே கோடு போட்டு, அதில் ரத்து என்று அவரையே எழுதச் சொன்னாள். இடது கையால், நாக்கைத் துருத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதி, கிளைத் தாளிலும் கையெழுத்துப் போட்டார். ஏன் வந்தீர்கள் என்று பிறகு கேட்டேன். "ரூம்ல உக்கார முடியல. ஒரு கிளை போனதுக்கே இப்படின்னா..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. அப்புறம், "நீ வேற அந்த வெயில்ல போய் உக்காந்திருக்கே" என்றார். எனக்கு அது போதும்.

உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். மேற்கு அறை இப்போது அடுப்பு மாதிரி இருக்கிறது. கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம், ஜன்னலுக்கு ஈரத் துணி கட்டியிருக்கிறேன். மரம் ஒரு கை இழந்தவர் மாதிரி சாய்ந்து தெரிகிறது. புதுத் துளிர் ஒன்றும் வரவில்லை. மழை வந்த பிறகுதான் தெரியும். பிழைத்துவிடும் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. பிழைக்காமல் போனால் தண்ணீர் கிடைக்காததால் போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது, அதற்கு மட்டும் நான் பொறுப்பு. புல்லில் சில கொத்துகளை இழுத்துப் பார்த்தேன், வேர் பிடியை விடவில்லை, அவை உயிரோடு இருக்கின்றன. மற்ற இடத்தில் இந்த வருஷம் இலைச் சருகுதான். பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடு, வந்து ஏமாற வேண்டாம்.

லீவு கிடைத்ததும் வா. பிள்ளைகளுக்குப் பழைய உடுப்பு எடுத்துவந்தால் போதும். கேன் நகர்த்த ஆள் வேண்டும். காலையில் எழுந்ததும் உன் அண்ணன் ஒற்றைக் கையோடு வெளியே போய், நான் வைத்த இடம் சரியில்லை என்று எல்லாக் கேனையும் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணி